ஊரைத் திட்டமிடுவது யார்? டோல்கேட் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



டோல்கேட்டில் இருப்பவர்கள் மாலையில் காற்று வாங்கக் கடற்கரைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது மணல் அல்ல, கருங்கல். விடுமுறை நாளில் மெரினாவுக்குப் போய் வந்த பிள்ளைகள் வீட்டில் கேட்பார்கள்: "அங்க மட்டும் எப்படி அவ்வளவு மணல்? நம்ம பக்கம் ஏன் வெறும் கல்லு?"

நல்ல கேள்வி. அதற்கான பதில் சுமார் 150 ஆண்டு பழையது.

நம் கடலில் ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அந்தச் சுவரில் தடுபட்டுத் தெற்கே குவிந்தது, மெரினா அகன்றது. துறைமுகத்துக்கு வடக்கே மணல் வரவில்லை. கடல் கரையை அரிக்கத் தொடங்கியது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை வீடுகளையும் தெருக்களையும் கடல் கொண்டுபோனது. மிச்சத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். பிறகு கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளைக் கட்டினார்கள்.

துறைமுகம் தவறு என்று சொல்ல வரவில்லை. நம்மில் எத்தனையோ குடும்பங்கள் அந்தத் துறைமுகத்தால் சோறு சாப்பிட்டவை. ஆனால் ஓரிடத்தில் எடுக்கும் முடிவு இன்னோரிடத்தில் யார் வாசலில் போய் நிற்கும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படி எண்ணிப் பார்ப்பதுதான் நகரமைப்பு. அந்த வேலையைச் செய்பவர் நகரமைப்பாளர். இவர்கள் என்ன செய்கிறார்கள், அது நம் வீட்டை எப்படித் தொடுகிறது, அதில் நாம் பேச இடம் உண்டா என்பதைப் பார்ப்போம்.

பிளான் போடுபவர் வேறு, நகரமைப்பாளர் வேறு

நம் தெருவில் "பிளான் போடுறவர்" என்றால் வீட்டுக்கு வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருபவர். கட்டடக் கலைஞர் ஒரு கட்டடத்தின் அமைப்பைத் தீர்மானிக்கிறார். பொறியாளர் அது விழாமல் நிற்க வழி செய்கிறார். நகரமைப்பாளர் பார்ப்பது தனி வீட்டை அல்ல, ஊரை.

இருபது ஆண்டு கழித்து இந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களுக்குக் குடிநீர் எங்கிருந்து வரும்? மழை நீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகும்? வேலைக்குப் போகிறவர் எதில் போவார்? பள்ளிக்கூடம், மருத்துவமனை, விளையாட்டுத் திடல், அடக்கஸ்தலம் ஆகியவற்றுக்கு இடம் எங்கே? தொழிற்சாலைக்கும் குடியிருப்புக்கும் நடுவே எவ்வளவு தூரம் வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு மக்கள்தொகைக் கணக்கு, நில அளவை, வாகன எண்ணிக்கை, வெள்ளம் வந்த தடம் எல்லாவற்றையும் வைத்து விடை தேடி வரைபடமாக்குவது அவர் வேலை.

அவர் சொல்வதெல்லாம் நடந்துவிடாது. அவர் திட்டம் தயாரித்துக் கொடுப்பவர். முடிவெடுப்பது அரசாங்கம். நடுவில் கருத்துச் சொல்லும் உரிமை மக்களுக்குச் சட்டப்படி இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

பொதுவழிக்கு ஓர் அளவு வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதியதல்ல. பாதையின் அகலம் குறித்து மக்களுக்குள் பிணக்கு வந்தபோது ஏழு முழம் விடும்படி நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் இருக்கிறது. முழம் ஒன்றரை அடி என்றால் பத்தரை அடி. அன்றைக்குச் சுமை ஏற்றிய ஒட்டகம் தடையின்றிப் போக அது போதும். இன்றைக்கு ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் நுழைய வேண்டும். வாசல் படியையும் சிலாப்பையும் தெருவுக்கு நீட்டிக் கட்டும்போது நாம் எடுத்துக்கொள்வது நம் இடத்தை அல்ல, பக்கத்து வீட்டு நோயாளி போக வேண்டிய வழியை.

சட்டம் வந்த கதை

1915-ல் பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் நகரமைப்புக் கண்காட்சி ஒன்றைச் சென்னையில் நடத்தினார். சென்னை மாகாணத்தின் பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கையும் எழுதினார். நெருக்கமான பழைய தெருக்களை மொத்தமாக இடித்துத் தள்ளி அகலச் சாலை போடுவதை அவர் எதிர்த்தார். ஒன்றிரண்டு பாழடைந்த கட்டடங்களை மட்டும் எடுத்து, காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழிவிட்டு, குடியிருப்பவர்களை அங்கேயே இருக்கவிடலாம் என்றார். மண்ணடியிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் குறுகிய தெருக்களில் வாழ்பவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகப் புரியும்.

1920-ல் சென்னை நகரத் திட்டச் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்கீழ் இயங்குவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது நாம் சொல்லும் சிஎம்டிஏ. திருவொற்றியூர், மணலி, எண்ணூர் எல்லாம் முன்பிருந்தே அதன் எல்லைக்குள் உள்ளவை. ஆனால் திருவொற்றியூர் 2011 வரை தனி நகராட்சி. அதன் பிறகே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. குப்பை, தெருவிளக்கு, கால்வாய் என்றால் மாநகராட்சி. எந்த நிலம் எதற்கு என்றால் சிஎம்டிஏ. மனுவை எங்கே கொடுப்பது என்ற குழப்பம் இந்த இடத்தில்தான் வருகிறது.

திட்டத்தின் மூன்று படிகள்

முதல் படி, மாஸ்டர் பிளான் எனப்படும் முழுமைத் திட்டம். இப்போது நடப்பில் இருப்பது சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான். 2008 செப்டம்பரில் அரசு ஒப்புதல் பெற்றது. 1,189 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு, 2026-ஐ இலக்காக வைத்துப் போடப்பட்டது. இதில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிலப் பயன்பாடு உண்டு: ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, அபாயகரமான தொழிற்சாலை, நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்று பல வகை. வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். உங்கள் வீடு இருக்கும் நிலத்துக்கும் ஒரு நிறம் இருக்கிறது.

இரண்டாவது படி, விரிவான வளர்ச்சித் திட்டம். ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்தத் தெரு எத்தனை அடி அகலமாக வேண்டும், எங்கே பூங்கா என்று நுணுக்கமாகச் சொல்வது.

மூன்றாவது படி, நாம் எல்லோரும் அறிந்த திட்ட அனுமதியும் கட்டட அனுமதியும். மேலே உள்ள இரண்டு திட்டங்களுக்கும், 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்கும் உட்பட்டுத்தான் இது கிடைக்கும்.

நம் பக்கம் நடந்தவை

திட்டம் என்பது காகிதம் அல்ல என்பதற்கு வடசென்னையே சாட்சி.

கொத்தவால்சாவடியில் காய்கறி வாங்கியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த நெரிசலைத் தீர்க்க சிஎம்டிஏ கோயம்பேட்டில் மொத்தச் சந்தை கட்டி 1996-ல் திறந்தது. அதேபோல் ஜார்ஜ் டவுனில் இருந்த இரும்பு வியாபாரத்துக்காகச் சாத்தங்காட்டில் தனிச் சந்தை அமைத்தது. பழைய தெருக்கள் மூச்சு விட்டன. ஆனால் இரும்பு ஏற்றிய லாரிகள் அதற்குப் பிறகு நம் பக்கச் சாலைகளில் ஓடத் தொடங்கின.

மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் வந்தது. அடுத்தடுத்து உரம், ரசாயனம் என ஆலைகள் வளர்ந்தன. துறைமுகம் அருகில், நிலம் தாராளம் என்பது காரணம். ஆலைகளைச் சுற்றி வேலைக்காரர்களின் வீடுகளும் வளர்ந்தன. இப்படிப்பட்ட இடத்தில் ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவே மரங்கள் அடர்ந்த இடைவெளியை விட்டு வைப்பது நகரமைப்பின் அரிச்சுவடி. அந்த இடைவெளி சுருங்கினால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பர் 26-ஆம் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பத்து மக்கள் அனுபவித்தார்கள். உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

ராயபுரம் பக்கத்து வீடுகளில் துணி காயப்போட்டால் கறுத்துப்போன காலம் நினைவிருக்கிறதா? துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளப்பட்டதால் வந்த தூசி அது. வழக்கு நடந்து, 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் அது நின்றது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரம் மக்களுக்கு அது நியாயம். ஆனால் எண்ணூர்க்காரர்களின் தலையில் அந்தச் சுமையும் ஏறியது.

மணல், இரும்பு, நிலக்கரி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பகுதியின் தொல்லை தீரும்போது அது பல நேரம் வடக்கே ஒரு படி தள்ளி வைக்கப்படுகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களும் இதே கதைதான். ஜீரோ கேட் வழியாகத் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருப்பவை அவை. சாலையை அகலமாக்கினார்கள். ஆனால் லாரி நிற்க இடமும், ஓட்டுநர் தூங்கவும் கழிப்பறை போகவும் வசதியும் போதிய அளவில் இல்லாவிட்டால் அகலச் சாலையே லாரி நிறுத்துமிடம் ஆகிவிடும். சாலைத் திட்டம் என்பது தார் போடுவது மட்டும் அல்ல.

இடத் தேர்வு தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கார்கில் நகர் சாட்சி. 2004 சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்களைத் தற்காலிகக் கொட்டகைகளில் அங்கே தங்கவைத்தார்கள். தாழ்வான நிலம், மழை வந்ததும் தண்ணீர் நின்றது. 2005 கோடையில் தீப்பிடித்துக் கொட்டகைகள் சாம்பலாயின. கடலுக்குத் தப்பியவர்கள் தீயிலும் தண்ணீரிலும் மாட்டிக்கொண்டார்கள்.

நல்லதும் நடந்திருக்கிறது. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டருக்கு மெட்ரோ நீண்டது. டோல்கேட்டுக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. கல்லூரிக்குப் போகும் நம் பெண் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 2023-24 நிதிநிலை அறிக்கையில் மூன்று ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். 2024 மார்ச்சில் பணிகள் தொடங்கின.

மனை வாங்கும் முன்

வாழ்நாள் சேமிப்பையும் மனைவியின் நகையையும் போட்டு மீஞ்சூர், செங்குன்றம், மணலி புதுநகர் பக்கம் அரை கிரவுண்டு வாங்குபவர்கள் நம்மில் அதிகம். புரோக்கர் பட்டா காட்டுவார், வில்லங்கச் சான்று காட்டுவார். இரண்டும் நிலம் யாருடையது என்று சொல்லும். அங்கே வீடு கட்டலாமா என்று சொல்லாது. அதைச் சொல்வது மாஸ்டர் பிளான். எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

1. சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சிஎம்டிஏ இணையதளத்தில் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் கொடுத்தால் நிலப் பயன்பாடு தெரியும். தொழிற்சாலை, விவசாயம், திறந்தவெளி என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். "மாத்திக் கொடுத்துடலாம்" என்ற வாய்வார்த்தையை நம்பாதீர்கள். பயன்பாட்டை மாற்றத் தனி விண்ணப்பம், விளம்பரம், ஆட்சேபணை, அரசு முடிவு என்று நீண்ட வழி இருக்கிறது.

2. லே-அவுட்டுக்கு சிஎம்டிஏ ஒப்புதல் எண் உண்டா என்று பாருங்கள். சிஎம்டிஏ எல்லைக்கு வெளியே என்றால் டிடிசிபி ஒப்புதல் வேண்டும். "பஞ்சாயத்து அப்ரூவல்" மட்டும் போதாது. அனுமதியற்ற மனைகளில் 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றுக்கு மட்டுமே வரன்முறைத் திட்டம் வந்தது. அப்படிப்பட்ட மனை என்றால் வரன்முறை உத்தரவைக் கேட்டு வாங்குங்கள்.

3. ஒப்புதல் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தில் நடந்து பாருங்கள். பூங்கா என்று காட்டிய இடத்தில் மனைக் கல் நட்டிருந்தால் அந்த மனையைத் தொடாதீர்கள். பெரிய லே-அவுட்களில் 10 சதவீத நிலம் பொதுத் திறந்தவெளிக்கானது.

4. தண்ணீர் தடத்தைக் கேளுங்கள். மணலி புதுநகர் பக்கம் 2015-லும் 2021-லும் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் புகுந்ததை அங்கிருப்பவர்கள் சொல்வார்கள். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கட்டுமானத்துக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. மழைக்காலத்தில் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

5. கடலை ஒட்டிய இடம் என்றால், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். டோல்கேட்டில் கிழக்குப் பக்கம் கட்டுபவர்கள் இதை மறக்க வேண்டாம்.

6. அடுக்குமாடி என்றால் ரேரா பதிவு எண்ணைக் கேளுங்கள். எட்டு வீடுகளுக்கு மேல், அல்லது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் உள்ள திட்டங்களுக்குப் பதிவு கட்டாயம்.

சொந்த மனையில் சிறிய வீடு கட்டுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2024 ஜூலை முதல் சுயசான்று முறை இருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு இணையதளம் வழியே உடனடி அனுமதி பெறலாம். ஆனால் நீங்கள் கொடுக்கும் விவரங்களுக்கு நீங்களே பொறுப்பு. பள்ளிவாசல், மதரஸா, திருமண மண்டபம் கட்ட நினைக்கும் ஜமாஅத்தினர் முதல் செங்கல் வைக்கும் முன்பே நிலப் பயன்பாட்டையும் தேவையான அனுமதிகளையும் பார்த்துவிட வேண்டும். மக்கள் கொடுத்த நன்கொடை அமானிதம். அது வழக்கிலும் சீல் வைப்பதிலும் கரையக் கூடாது.

பேச வேண்டிய நேரம் இது

அடுத்த திட்டமான மூன்றாவது மாஸ்டர் பிளான் 2027 முதல் 2046 வரைக்கானது. இன்றைக்கு மக்தபில் ஓதும் குழந்தை குடும்பத்தலைவனாகும் வரை நம் பகுதியின் நிறங்களை அது தீர்மானிக்கும்.

வரைவுத் திட்டம் தயாரானதும் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட்டு மக்களின் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் எழுத்தில் கேட்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். யாரும் எழுதலாம். சொந்த வீடு இருக்க வேண்டும் என்பதில்லை. வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம். வக்கீல் தேவையில்லை, தமிழில் எழுதினால் போதும்.

எப்படி எழுதுவது? "எங்கள் பகுதியைக் கவனியுங்கள்" என்று பொதுவாக எழுதிய மனுவை வைத்து ஒரு நகரமைப்பாளர் எதுவும் செய்ய முடியாது. இடம், அளவு, காரணம் மூன்றும் வேண்டும். இந்தத் தெருமுனையில் காலை எட்டு முதல் ஒன்பது வரை இத்தனை டிரெய்லர்கள் போகின்றன, அதே நேரத்தில் இத்தனை பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணி எழுதுங்கள். மழையில் எந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், எத்தனை நாள் நின்றது என்று தேதியோடு குறித்துப் படம் எடுத்து வையுங்கள். அடக்கஸ்தலத்தில் இன்னும் எத்தனை ஆண்டுக்கு இடம் இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். பெண்களிடம் கேளுங்கள்: எந்தச் சாலையில் இரவு விளக்கில்லை, எங்கே கழிப்பறை இல்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும். இதை நம் ஜமாஅத் மட்டும் செய்யாமல், பக்கத்துக் குப்பத்து மீனவர்களையும் மற்ற தெருச் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு செய்தால் நல்லது. தூசியும் வெள்ளமும் ஆள் பார்த்து வருவதில்லை. வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது போய் உட்கார்ந்து பழகுங்கள். அங்கே சிறியதைக் கேட்டுப் பழகியவர்தான் பெரிய திட்டத்திலும் தெளிவாகக் கேட்பார்.

ஒன்றில் கவனம் வேண்டும். நம் தெருவிலிருந்து லாரியை விரட்டி அடுத்த தெருவுக்குத் தள்ளும்படி கேட்கக் கூடாது. அதைத்தான் இத்தனை ஆண்டுகளாக நமக்குச் செய்தார்கள். லாரிக்கென்று தனி வழியும் நிற்க இடமும் கேட்பதே நியாயம்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

பிளஸ் டூ முடித்தால் டாக்டர், இன்ஜினியர், இல்லையென்றால் பி.காம். என்பதோடு நம் வீட்டுப் பேச்சு முடிந்துவிடுகிறது. நகரமைப்பும் ஒரு படிப்பு. கணக்கு எடுத்துப் படித்தவர்கள் ஜே.இ.இ. மெயின் தேர்வில் திட்டமிடலுக்கென உள்ள தனித்தாளை எழுதி பி.பிளான் சேரலாம். டெல்லி, போபால், விஜயவாடா நகரங்களில் மத்திய அரசின் திட்டமிடல், கட்டடக்கலைக் கல்வி நிறுவனங்கள் உள்ளன. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி உள்ளது. சிவில், கட்டடக்கலை முடித்தவர்கள் எம்.பிளான் படிக்கலாம்.

வேலை உண்டா என்று பெற்றோர் கேட்பது நியாயம். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கும் மேற்பட்ட நகரமைப்பாளர்கள் தேவை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களோ 4,000-க்கும் குறைவு. அவற்றிலும் பாதி காலி.

டோல்கேட் தெருவில் வளர்ந்த ஒரு பிள்ளை நாளைக்கு அந்த வரைபட மேசையில் உட்கார்ந்தால், கருங்கல் கரையும் டிரெய்லர் வரிசையும் அவருக்குப் புள்ளிவிவரமாக மட்டும் தெரியாது. அவர் வீட்டு வாசலாகத் தெரியும். அது வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பத்திரத்தில் சர்வே எண்ணைத் தேடி, உங்கள் நிலம் வரைபடத்தில் என்ன நிறம் என்று பாருங்கள். பார்க்கத் தெரியாதவர்களுக்கு வீட்டில் படித்த பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் ஒரு பகுதி என்று படித்தவர்கள் நாம். ஊரின் பாதையே சரியாக அமைய உழைப்பது அதைவிடச் சிறிய நன்மையாக இருக்காது, இன்ஷா அல்லாஹ்.